அனலாக் நின்ற அன்று சில வீடுகளில் சேனல் 7 ஏன் காணாமற்போனது?

கேட்கப்பட்ட கேள்வி இது: 2009இல் அமெரிக்காவின் உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்கு மாறியபோது, அதுவரை புள்ளி புள்ளியாகவாவது தெரிந்துகொண்டிருந்த சில சேனல்கள் பல வீடுகளில் அடியோடு மறைந்துவிட்டன. அந்த வீடுகளில் ஆன்டெனா இருந்தது. டிஜிட்டல் சிக்னலைப் பழைய தொலைக்காட்சியில் தெரியும்படி மாற்றித்தரும் கன்வெர்ட்டர் பெட்டியும் முன்கூட்டியே வாங்கி மாட்டியிருந்தார்கள். தரம் கூடும் என்று சொல்லித்தானே மாற்றினார்கள், பிறகு ஏன் இப்படி ஆயிற்று?

அன்றைக்கு ஒரே நாளில் இரண்டு காரியங்கள் நடந்தன என்பதுதான் இதற்கு விடை. அனலாக் நிற்கப்போகிறது என்பதை அரசும் நிலையங்களும் மாதக்கணக்கில் விளம்பரம் செய்தன. பல நிலையங்கள் அதே நாளில் தம் டிஜிட்டல் ஒளிபரப்பையும் ஓர் அலைவரிசையிலிருந்து இன்னோர் அலைவரிசைக்குத் தூக்கிக்கொண்டு போயின என்பது அந்த அளவுக்கு வீடுகளுக்கு எட்டவில்லை. டிஜிட்டல் நுட்பத்தின்மீது சுமத்தப்பட்ட குறைகளில் பெரும்பகுதி இந்த இடப்பெயர்ச்சியால் வந்தது என்பதே என் கருத்து.

சற்றுப் பின்னாலிருந்து தொடங்கினால் தெளிவாக இருக்கும். கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், அதாவது எஃப்.சி.சி., 1996 டிசம்பரில் டிஜிட்டல் தொலைக்காட்சிக்கான தரத்தை ஏற்றுக்கொண்டது. அதையடுத்து ஏறக்குறைய ஒவ்வொரு முழுச்சக்தி நிலையத்துக்கும், அது ஏற்கெனவே பயன்படுத்தி வந்த 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையோடு இன்னுமொரு 6 மெகாஹெர்ட்ஸ் கடனாகக் கொடுக்கப்பட்டது. பழையதில் அனலாக், புதியதில் டிஜிட்டல் என இரண்டும் சில ஆண்டுகள் சேர்ந்து ஓடும். முடிவில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. 2006இன் இறுதியே முதலில் குறிக்கப்பட்ட கெடு. ஆனால் ஒரு சந்தைப் பகுதியில் 85 சதவீத வீடுகளாவது டிஜிட்டலைப் பெறும் நிலைக்கு வராவிட்டால் நிலையங்கள் கால நீட்டிப்புக் கேட்கலாம் என்று 1997ஆம் ஆண்டுச் சட்டமே ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. அப்படியொரு வாசல் இருக்கும்போது யார்தான் கெடுவை மதிப்பார்கள்? அதனால் பின்னர் வந்த சட்டம் சதவீதக் கணக்கைக் கைவிட்டு, 2009 பிப்ரவரி 17 என்று நாளையே குறித்துவிட்டது. கன்வெர்ட்டர் பெட்டி வாங்க வீட்டுக்கு இரண்டு வீதம் வழங்கப்பட்ட 40 டாலர் கூப்பன்களுக்கான நிதி அந்த ஆண்டு ஜனவரியில் தீர்ந்து, விண்ணப்பித்தவர்கள் காத்திருப்போர் பட்டியலில் நிற்க நேர்ந்ததால், கடைசி நேரத்தில் நாள் ஜூன் 12க்குத் தள்ளிப்போனது. ஆனாலும் முழுச்சக்தி நிலையங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை பிப்ரவரி 17ஆம் தேதியோ அதற்கு முன்போ அனலாக்கை நிறுத்திவிட்டன.

திருப்பிக் கொடுக்கவேண்டிய அலைவரிசை எது என்பதில்தான் சிக்கல் முளைத்தது. அரசுக்குத் தேவைப்பட்டவை 52 முதல் 69 வரையிலான அலைவரிசைகள், அதாவது 698 முதல் 806 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 108 மெகாஹெர்ட்ஸ் நிலம். நிலம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன், ஏனென்றால் அது நடத்தப்பட்டது நிலத்தைப் போலத்தான். அதில் 24 மெகாஹெர்ட்ஸ் காவல்துறை, தீயணைப்புத்துறை போன்றவற்றின் வானொலித் தொடர்புக்கு ஒதுக்கப்பட்டது. எஞ்சியதில் பெரும்பகுதி 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏலம் விடப்பட்டு, கைப்பேசி நிறுவனங்களிடமிருந்து ஏறத்தாழ 1,900 கோடி டாலர் வந்தது. ஆகவே கடனாகக் கொடுத்த டிஜிட்டல் அலைவரிசை இந்த எல்லைக்குள் விழுந்திருந்த நிலையங்கள், அனலாக்கை நிறுத்துவதோடு டிஜிட்டலையும் வேறிடத்துக்கு மாற்றியே தீரவேண்டியிருந்தது. அவற்றில் பல, தாங்கள் பல்லாண்டுக் காலம் அனலாக்குக்குப் பயன்படுத்திய பழைய அலைவரிசைக்கே டிஜிட்டலைக் கொண்டுவந்தன. சொந்த வீட்டுக்குத் திரும்புவதைப் போல அது தோன்றியிருக்க வேண்டும். உயரலைவரிசையைவிட, அதாவது 14இல் தொடங்கி மேலே போகும் அலைவரிசைகளைவிட, மிகக் குறைந்த மின்சக்தியில் அதே தொலைவை எட்டலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது.

சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அந்நகரத்தார்க்கு அது சேனல் 7. அனலாக் அலைவரிசை 7இலும் டிஜிட்டல் 52இலும் ஓடிக்கொண்டிருந்தன. முன்யோசனையுள்ள ஒருவர் 2008ஆம் ஆண்டின் இறுதியிலேயே கன்வெர்ட்டர் பெட்டி வாங்கி, பெட்டிக்கு அருகில் ஒரு சிறிய வளைய ஆன்டெனாவை வைத்து, 7.1 என்ற எண்ணில் துல்லியமான படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 7 என்று தெரிந்தாலும் அவருடைய பெட்டி உண்மையில் பிடித்துக்கொண்டிருந்தது 52ஐத்தான். டிஜிட்டல் ஒளிபரப்போடு ஒரு சிறு அட்டவணையும் சேர்ந்து வருகிறது, "என்னை 7.1 என்று காட்டு" என அது பெட்டிக்குச் சொல்கிறது. விளம்பரங்களிலும் மக்கள் நினைவிலும் ஊறிப்போன எண்ணை இழக்க எந்த நிலையத்துக்கும் மனமில்லை என்பதால் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஜூன் 12 அன்று அனலாக் 7 நின்றது. 52இல் இருந்த டிஜிட்டலும் நின்று, 7இல் புதிதாகத் தொடங்கியது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து வைத்திருந்த மனிதருக்குத்தான் படம் போயிற்று. எண் அப்படியே இருந்ததால், ஏதோ மாறியிருக்கிறது என்று அவர் ஊகிக்கக்கூட வழியில்லை.

மறுபடி ஸ்கேன் செய்தால், அதாவது சேனல்களைப் புதிதாகத் தேடும்படி பெட்டியை விட்டால், சரியாகிவிடும் என்றார்கள். பலருக்குச் சரியாகவும் ஆயிற்று. ஆகாதவர்களுக்கு ஆன்டெனாவின் நீளம் தடையாக நின்றது. அலைவரிசை 7 என்பது 174 முதல் 180 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் ஏறத்தாழ 1.7 மீட்டர். இரண்டு கம்பிகளை விரித்து வைக்கும் ஆன்டெனாவில் ஒவ்வொரு கம்பியும் அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது சுமார் 42 சென்டிமீட்டர் இருந்தால் அது நன்றாகப் பிடிக்கும். 600 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய உயரலைவரிசைக்கோ இரண்டு கம்பிகளும் சேர்ந்தே 25 சென்டிமீட்டர் இருந்தால் போதும். அந்த ஆண்டுகளில் "டிஜிட்டல் ஆன்டெனா" என்ற பெயரில் கடைகளில் விற்கப்பட்டவற்றில் பல, உள்ளங்கையை விடச் சற்றே பெரிய வளையங்கள். உயரலைவரிசைக்கு மட்டுமே பொருத்தமானவை. டிஜிட்டல் ஆன்டெனா என்று தனியாக ஒரு பொருள் கிடையவே கிடையாது. ஆன்டெனாவுக்குத் தெரிந்ததெல்லாம் அதிர்வெண் ஒன்றுதான். அதன்மேல் ஏறிவருவது அனலாக்கா டிஜிட்டலா என்பது அதற்குத் தெரியாது. பழைய நீளக்கம்பி ஆன்டெனாவைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிய வளையத்தை வாங்கியவர்கள், சேனல் 7க்குத் தேவையான கருவியைக் காசு கொடுத்துக் கைவிட்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

இத்துடன் வீட்டுக்குள் இருக்கும் மின்னிரைச்சலும் சேர்ந்துகொண்டது. குழல்விளக்கின் சோக், மோட்டார் வைத்த கருவிகள், கணினிக்கு மின்சாரம் தரும் அடாப்டர் முதலியவை உமிழும் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களில் அதிகமாகவும் உயர்ந்த அதிர்வெண்களில் குறைவாகவும் இருக்கும். அனலாக் காலத்தில் பக்கத்து அறையில் மிக்ஸியைப் போட்டால் திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் நெளியும், யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். டிஜிட்டலில் அதே கணத்தில் படம் கட்டங்கட்டமாக உடைந்து, ஒலி அறுந்து, திரை கறுத்துவிடும்.

அந்த வேறுபாட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அனலாக்கில் சிக்னல் மெலிய மெலியப் படமும் படிப்படியாக மெலிகிறது. முதலில் லேசான புள்ளிகள், பிறகு நிறம் போய்விடும், அதற்குப் பிறகும் ஆள் யாரென்று அடையாளம் தெரியும். ஒலி தனியாக வேறு முறையில் அனுப்பப்பட்டதால், படம் ஏறக்குறைய அழிந்த பிறகும் செய்தி வாசிப்பவரின் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். டிஜிட்டலில் படமும் ஒலியும் ஒரே எண் ஓடையில் கலந்து வருகின்றன. சிக்னல் இரைச்சலைவிட ஏறத்தாழ 15 டெசிபெல் மேலே இருக்கும்வரை பிழை திருத்தும் கணக்கு எல்லாத் தவறுகளையும் சரிசெய்துவிடும். நிலையத்தின் வாசலில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் நாற்பது மைல் தள்ளியிருப்பவருக்கும் ஒரே படம்தான். அந்த எல்லையிலிருந்து ஒரு டெசிபெல் அளவு கீழே இறங்கினாலே கணக்கு கைவிரித்துவிடும். பொறியாளர்கள் இதை மலை விளிம்பு என்பார்கள். விளிம்புக்கு அரையடி உள்ளே நிற்பவரிடமும் படம் குறையே இல்லாமல் இருக்கிறது என்பதுதான் இதன் கொடுமை. அனலாக்கில் புள்ளிகளே எச்சரிக்கையாக இருந்தன. ஆன்டெனாவைத் திருப்பும்போது கூடுகிறதா குறைகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். டிஜிட்டலில் அந்த வழிகாட்டல் போய்விட்டது. பெட்டியின் மெனுவுக்குள் புகுந்து சிக்னல் அளவுகோலைத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் திட்டமிட்டவர்களுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும், ஆனால் அவர்கள் கணக்கிட்டது வேறு வீட்டுக்கு. ஒரு நிலையம் எவ்வளவு தூரம் சென்றடையும் என்பதை எஃப்.சி.சி. கணிக்கும்போது, பார்வையாளரின் ஆன்டெனா தரையிலிருந்து 30 அடி உயரத்தில், வெளியே, நிலையத்தை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்பதே அடிப்படை ஊகம். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், சுவருக்குள், தொலைக்காட்சிப் பெட்டியின் தலைமேல் ஆன்டெனா வைத்திருப்பவர் அந்தக் கணக்கில் இல்லை. கேபிளுக்கு மாதந்தோறும் பணம் கட்ட முடியாதவர்களும் கூரையேறி ஆன்டெனா வைக்க உரிமையில்லாத வாடகைக் குடியிருப்பாளர்களுமே காற்றுவழி ஒளிபரப்பைப் பெரிதும் நம்பியிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஊகம் யாரை வெளியே நிறுத்தியது என்பது விளங்கும்.

ஃபிலடெல்ஃபியாவின் டபிள்யூ.பி.வி.ஐ. நிலையம் இன்னும் மோசமான இடத்தில் சிக்கியது. அதன் டிஜிட்டல் 64இலிருந்து பழைய 6க்கு வந்தது. அலைவரிசை 6 என்பது 82 முதல் 88 மெகாஹெர்ட்ஸ்; அதன் மேல்விளிம்பை ஒட்டியே பண்பலை வானொலி தொடங்குகிறது. கம்பியின் நீளமும் அதற்கேற்ப ஏறத்தாழ ஒரு மீட்டர் இருக்கவேண்டும். புகார்கள் குவிந்தன, சக்தியைக் கூட்டிக்கொள்ள அந்நிலையத்துக்கு அனுமதி கிடைத்தது. சிகாகோவின் சேனல் 7, இறுதியில் 7ஐக் கைவிட்டு உயரலைவரிசை 44க்கு இடம்பெயர்ந்தது. திரையில் மட்டும் அப்போதும் 7தான்.

தாழ்ந்த அலைவரிசையே குற்றவாளி என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. நாடு முழுவதற்கும் முன்னோட்டமாக, 2008 செப்டம்பர் 8 நண்பகலில் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரத்து வணிக நிலையங்கள் அனலாக்கை நிறுத்தின. அங்கே எழுந்த முறையீடு இதற்கு நேர் எதிரானது. அங்கிருந்த சேனல் 6 நிலையமான டபிள்யூ.ஈ.சி.டி., ஏறத்தாழ 2,000 அடி உயரக் கோபுரத்திலிருந்து அலைவரிசை 6இல் அனலாக் அனுப்பியபோது மிகப் பரந்த பகுதியை எட்டியது. அதன் டிஜிட்டலோ வேறொரு கோபுரத்திலிருந்து உயரலைவரிசையில் போனது. எல்லைப்புறத்து வீடுகளில் எந்த ஆன்டெனாவை எப்படித் திருப்பினாலும் படம் வரவில்லை, ஏனென்றால் சிக்னலே அங்கு எட்டவில்லை. ஆக இரு ஊர்களிலும் பொதுவாக இருந்தது இடமாற்றம். திசை மட்டும் வேறு.

பெட்டிகளின் குணம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சில கன்வெர்ட்டர் பெட்டிகள் மறு ஸ்கேன் செய்தபோதும் பழைய நினைவை விடவில்லை, 7.1 என்றால் 52 என்று பிடிவாதமாக வெற்றிடத்தையே துழாவிக்கொண்டிருந்தன. அதற்குச் சொல்லப்பட்ட வைத்தியம் இரட்டை ஸ்கேன். ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஸ்கேன் செய்யவேண்டும். ஒன்றும் கிடைக்காததால் நினைவுப் பட்டியல் காலியாகும். பிறகு பெட்டியின் மின்இணைப்பைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டு, வயரை மாட்டி, மறுபடி ஸ்கேன் செய்யவேண்டும். தனியாக வாழும் முதியவர் ஒருவர் இதைத் தொலைபேசியில் கேட்டு, ரிமோட்டின் சிறிய எழுத்துகளைத் தடவிக்கொண்டே செய்துமுடிப்பது எவ்வளவு பாடு என்பதை அந்த அறிவுரையை எழுதியவர்கள் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தார்களா என்பது ஐயமே.

நிலையங்களின் பக்கத்துக்கு வந்தால், அவற்றையும் முழுதாகக் குறைகூற முடியாது. சிறிய ஊர் நிலையம் ஒன்றுக்கு இந்த மாற்றத்தால் புதிய பார்வையாளர் யாரும் வரப்போவதில்லை; ஆனால் புதிய டிரான்ஸ்மிட்டர், புதிய ஆன்டெனா, ஆண்டுக்கணக்கில் இரண்டு டிரான்ஸ்மிட்டர்களுக்கும் மின்கட்டணம் என்று செலவு மட்டும் வந்தது. கோபுர உச்சியை அனலாக் ஆன்டெனா பிடித்துக்கொண்டிருந்ததால், பல இடங்களில் டிஜிட்டல் ஆன்டெனா பக்கவாட்டில், கீழே தொங்கவிடப்பட்டிருந்தது. அனலாக் நின்ற பிறகே உச்சியை மாற்றமுடியும். ஆயிரம் அடிக்கு மேல் ஏறி டன் கணக்கில் எடையுள்ள ஆன்டெனாவைக் கழற்றி மாட்டும் பயிற்சி பெற்ற குழுக்கள் நாடு முழுவதற்கும் சிலவே. பிப்ரவரிப் பனியில் வட மாநிலங்களில் அவர்களும் ஏற முடியாது. ஹவாயில் மட்டும் வேலை முந்திக்கொண்டது. ஹாலியாகலா மலைச்சரிவில் கூடுகட்டும் அரிய கடற்பறவை ஒன்றின் இனப்பெருக்கக் காலம் தொடங்குமுன் பழைய கோபுரங்களை அகற்றவேண்டியிருந்ததால், அம்மாநிலம் 2009 ஜனவரி 15ஆம் தேதியே அனலாக்கை முடித்துக்கொண்டது. ஒரு பறவைக்காக ஒரு மாநிலத்தின் தொலைக்காட்சி நாள் மாறியது எனக்கு இந்த வரலாற்றில் பிடித்தமான பகுதி.

ஜூன் 12 என்ற நாள் முழுச்சக்தி நிலையங்களுக்கு மட்டுமே உரியது என்பதும் பலர் கவனிக்காதது. மலைக்கிராமங்களுக்குச் சிக்னலைத் திருப்பி அனுப்பும் மறுஒளிபரப்பு நிலையங்களும், சிறுபான்மை மொழிகளிலோ ஒரு சிற்றூருக்கு மட்டுமோ நடந்த குறைசக்தி நிலையங்களும் அனலாக்கில் தொடர்ந்தன; அவற்றில் கடைசிக் கூட்டத்துக்கான கெடு 2021 ஜூலை 13 வரை நீண்டது. இதனால் ஒரு விந்தை நேர்ந்தது. அரசுக் கூப்பனில் வாங்கிய பெட்டிகள் பலவற்றில் அனலாக் சிக்னலை அப்படியே கடத்திவிடும் வசதி இல்லை. பெட்டியை மாட்டிய வீட்டில் பெரிய நிலையங்கள் தெளிவாக வந்தன; அந்த வீட்டார் உண்மையில் பார்க்க விரும்பிய உள்ளூர்க் குறைசக்தி நிலையம், காற்றில் இருந்தும், பெட்டியைத் தாண்டி வரமுடியாமல் நின்றது. அலைவரிசை 6இல் இருந்த சில குறைசக்தி நிலையங்கள், தம் அனலாக் ஒலி பண்பலை வானொலியில் 87.7இல் கேட்கும் என்பதைப் பயன்படுத்தி, தொலைக்காட்சி உரிமத்தில் வானொலி நடத்தி வந்தன. அவை டிஜிட்டலை எதிர்த்ததன் காரணம் சொல்லாமலே விளங்கும்.

கிடைத்த பலன்களை மறுப்பதற்கில்லை. அதே 6 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 19.39 மெகாபிட் அனுப்ப முடிவதால், ஒரு நிலையம் உயர்தெளிவுச் சேனல் ஒன்றையும், 7.2, 7.3 என்று துணைச் சேனல்களையும் சேர்த்து நடத்துகிறது. கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகளால் அனலாக்கில் ஒவ்வோர் ஆளுக்கும் பக்கத்தில் ஒரு நிழல் ஆள் நிற்பார். அந்த நிழல் ஒழிந்தது.

இடமாற்றமும் 2009இல் முடிந்துவிடவில்லை. 2017இல் முடிந்த இன்னோர் ஏலத்தில் 38 முதல் 51 வரையிலான அலைவரிசைகளும் கைமாறின. 37 வானொலி வானியலுக்கென ஒதுக்கப்பட்டிருப்பதால் தொலைக்காட்சிக்கு 36 வரைதான் மிச்சம். நூற்றுக்கணக்கான நிலையங்கள் 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதிவரை கட்டங்கட்டமாக மறுபடி இடம்பெயர்ந்தன. இம்முறை நுட்பம் மாறவில்லை, பெட்டி மாறவில்லை, அலைவரிசை மட்டுமே மாறியது. அப்போதும் ஸ்கேன் செய்யாத வீடுகளில் படம் போனது. சிகாகோவின் சேனல் 7 இப்போது அலைவரிசை 22இல் இருக்கிறது. இன்றும் அங்கே ஒரு சேனல் வரவில்லை என்றால், திரையில் தெரியும் எண்ணை விட்டுவிட்டு, அந்த நிலையம் காற்றில் உண்மையாக எந்த அலைவரிசையில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். அது 7 முதல் 13க்குள் இருந்தால் நீளக்கம்பி ஆன்டெனா தேவை. 14க்கு மேல் இருந்தால் வளையம் போதும். 2 முதல் 6க்குள் இருந்தால், கூரையில் ஆன்டெனா வைக்க வழியுண்டா என்று வீட்டு உரிமையாளரைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.